வேலை இல்லாத நாளிலும் கம்பெனி வாசல்

1

இதை வெள்ளிக்கிழமை காலையில் எழுதுகிறேன். இங்கிலாந்தில் எனக்கு வெள்ளிக்கிழமை வேலை கிடையாது. மனைவி மெர்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், அவள் நர்ஸ். மகன் ஜோயல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். வீட்டில் நான் மட்டும். வெளியே தூறல். இங்கே மழை நம் ஊர் மாதிரி கொட்டிவிட்டுப் போகாது, நாளெல்லாம் நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

நான் திருப்பூருக்குப் பக்கத்து ஊரான மங்கலத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் கற்றதெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில்தான். எழுதிப் பழக்கமில்லை. இதை என் இரண்டு பிள்ளைகளுக்காக எழுத ஆரம்பித்தேன். பெரியவள் சரண்யா, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "எழுதுங்பா, எங்க கம்பெனிப் புள்ளைங்களும் படிக்கட்டும்" என்று அவள்தான் சொன்னாள். ஜோயலுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவனுக்கு நானே படித்துக் காட்டுவேன், அவன் ஒரு இடத்தில் உட்கார்ந்தால்.

விஷயம் இதுதான். ஆர்டர் குறைந்தால் கம்பெனி நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. பிறகு குறைந்த நேரத்துக்கு மட்டும் திரும்பக் கூப்பிடுகிறது. அப்போது நாம் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது? இதில் நான் இரண்டு தேசத்திலும் தப்பாக நடந்துகொண்டேன். முதல் தப்பு என்னோடு போயிற்று. இரண்டாவது தப்பில் சரண்யாவின் நாலு வருட வேலையே போகப் பார்த்தது.

2

மகள் ஏன் அங்கே, நீங்கள் ஏன் இங்கே என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

மெர்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவர்லாக் தையல் மிஷின் ஊசி என் விரலில் ஏறி உடைந்தபோது அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசியை எடுத்துவிட்டவளையே கொஞ்ச நாளில் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் முருகன், அவள் வீட்டில் மாதா. முதல் பிள்ளைக்கு என் பக்கத்துப் பெயர், இரண்டாவதுக்கு அவள் பக்கத்துப் பெயர் என்று பேசி முடித்தோம்.

மெர்சிக்கு இங்கிலாந்தில் வேலை அமைந்தது. பரீட்சை எழுதி, தேறி, பேப்பர் போய், பேப்பர் திரும்பி வந்து, மறுபடி போய், எல்லாம் கூடி வருவதற்குள் சரண்யாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பதினெட்டு முடிந்த பிள்ளை பெற்றோரைச் சார்ந்த பிள்ளை கணக்கில் வராதாம். விசா விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சார், உங்க டாட்டர் அடல்ட் சார். அவங்களுக்குத் தனியாத்தான் பாக்கணும்."

பக்கத்து நாற்காலியில் சரண்யா குனிந்து ஜோயலின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. கட்டிய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மங்கலத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். காலேஜ் முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றோம். அதற்கென்று இருக்கிற வழிகளை விசாரித்தோம். எல்லா வழிகளும் எங்களைவிட வசதியானவர்களுக்குத்தான் இருந்தன. அவள் காலேஜ் முடித்தாள், கம்பெனியில் சேர்ந்தாள், எங்களைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஜோயல் அவளை போனிலேயே பார்த்து வளர்ந்தவன். "ஹாய்க்கா" என்பான், கையை ஆட்டுவான், போய்விடுவான். அவன் மேல் தப்பில்லை.

3

இங்கே நான் சேர்ந்தது ஒரு சின்னக் கம்பெனி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் தைக்கிறோம். என் மிஷின் ஜன்னலோரம். சூப்பர்வைசர் லிண்டா என்கிற அம்மா. கந்தசாமி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். முதல் நாள், "குட் மார்னிங், சாமி" என்றார். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஆசையாகக் கூப்பிடுவதே அப்படித்தான். அத்தனை குளிரில், யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மா வாயிலிருந்து அது வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். குளிர் இன்னும் கூடிற்று.

பிறகு கொரோனா வந்தது. கம்பெனியை மூடினார்கள். இங்கே அதற்கு ஃபர்லோ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆளை வேலையை விட்டு நீக்காமல் வீட்டில் இருக்கச் சொல்வது, சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கம்பெனி வழியாகக் கொடுப்பது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வேலை செய்யாமல் வாங்கின சம்பளத்தில் சாப்பிடக் கூச்சமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஆனால் பாதி அளவுக்கு. திங்கள், செவ்வாய், புதன் வேலை. வியாழனும் வெள்ளியும் ஃபர்லோவிலேயே இருக்க வேண்டும். லிண்டா இதை நிதானமாக விளக்கினார். நான் "யெஸ், யெஸ்" என்று தலையை ஆட்டினேன். ஆட்டினதைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கும் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆர்டர் இல்லாத மாதங்களில் வாரத்தில் பாதி நாள்தான் தையல் ஓடும். ஆனால் நாங்கள் எல்லா நாளும் போவோம். மிஷினைத் துடைப்போம், எண்ணெய் விடுவோம், பிசிறு வெட்டுகிற அக்காமார்களோடு உட்கார்ந்து பிசிறு வெட்டுவோம். அதற்குக் கூலி கிடையாது.

"ஏன்டா கந்தா, இன்னைக்கு வேலை இல்லைன்னு சொன்னனில்ல?" என்பார் எங்கள் ஃபோர்மேன்.

"சும்மா வந்தேனுங்க."

"ஊட்ல பொண்டாட்டி தொரத்தி உட்டுட்டாளா?"

"இன்னும் இல்லீங்க."

சிரித்துவிட்டு டீ சொல்லுவார். ஆர்டர் வந்ததும் முதல் மிஷின் யாருக்கு? அவர் கண்ணில் பட்டவனுக்கு. வராதவன் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். மிஷின் தலையில் ஒட்டியிருக்கும் முருகன் படம் மட்டும் பழைய ஆளுடையதாக இருக்கும். அப்படி மிஷினை இழந்து, சோமனூருக்குத் தறி ஓட்டப் போய்விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த நினைப்பில்தான் இங்கேயும் போனேன். மெக்கானிக் வந்திருந்ததால் பக்கக்கதவு திறந்திருந்தது. மிஷினைத் துடைத்தேன். பக்கத்தில் தைக்காத ஸ்வெட்டர் கைகள் கட்டாகக் கிடந்தன. சும்மா இருப்பானேன் என்று தைக்க ஆரம்பித்தேன். பாதிக் கட்டு முடியும்போது லிண்டா உள்ளே வந்தார்.

"சாமி! வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

"ஐ சிம்ப்ளி கேம்" என்றேன். சும்மா வந்தேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. தைத்து வைத்ததைப் பார்த்தார். மெக்கானிக் இருந்த பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "கோ ஹோம். ப்ளீஸ், சாமி, கோ ஹோம்" என்றார்.

வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். பஸ்ஸுக்கு நிற்கப் பிடிக்காமல் நடந்தே வந்தேன். வீட்டில் மெர்சி வார்டிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"யாரு உங்களப் போவச் சொன்னா? வீட்டுல இருக்கதுக்குத்தான அரசாங்கம் சம்பளம் குடுக்கு? நீங்க போயி வேலை பாத்தா, கம்பெனி வேலையும் வாங்கிட்டு அரசாங்கத்துக்கிட்ட பொய்யும் சொன்ன மாதிரி ஆயிரும்லா!"

"காசு வாங்கலயே. சும்மாதான போனேன்."

"சும்மா போறதுக்கு அது என்ன உங்க மாமியா வீடா?"

திங்கட்கிழமை லிண்டா என்னைத் தனியே உட்கார வைத்தார். வேலை போகவில்லை. மெர்சி சொன்னதையேதான் அவரும் சொன்னார், மாமியார் வீட்டை விட்டுவிட்டு. ஃபர்லோ நேரத்தில் கம்பெனிக்காக ஒரு தையல்கூடத் தைக்கக் கூடாது, இலவசமாகக்கூட. தைத்தால் கம்பெனி அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நாள் குறைத்தது தற்காலிகம்தான், நான் சேரும்போது ஒப்புக்கொண்ட ஐந்து நாள் அப்படியே இருக்கிறது. வீட்டில் இருக்கிற நாளுக்கும் என் வருடாந்தர லீவு சேர்ந்துகொண்டே போகும். குறைத்த நாளையே நிரந்தரம் ஆக்க வேண்டுமானால் என்னைக் கேட்க வேண்டும். நான் யோசிக்க நேரம் கேட்கலாம். முடியாது என்றும் சொல்லலாம்.

ஃபர்லோ முடிந்ததும் அப்படியே கேட்டார்கள். மூன்று நாளை நிரந்தரம் ஆக்கலாமா என்றார் மேனேஜர். பழைய ஆளாக இருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டியிருப்பேன். இந்தத் தரம் சொன்னேன்: "ஐ வில் ஆஸ்க் மை வைஃப்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நேரம் கொடுத்தார்கள். பேசிப் பேசி நாலு நாளில் வந்து நின்றது. இந்த வெள்ளிக்கிழமை அப்படி வந்ததுதான்.

எனக்கு ஆச்சரியம் வேறு. நான் போகாத வியாழனிலும் வெள்ளியிலும் என் மிஷினில் யாரும் உட்காரவில்லை. உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அன்றைக்கு இந்த நாட்டு நடைமுறை மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. வந்த பக்தி கொஞ்சம் அதிகம்.

4

இந்த வருடம் திருப்பூரில் பல கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் நின்றது உங்களுக்குத் தெரியும். சரண்யாவின் கம்பெனியிலும் பாதி தையல் லைன் காலி. கூப்பிடும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். திங்கள், செவ்வாய், புதன் மட்டும், அதுவும் அரை ஷிப்ட். மீதி நாள் வேலை இல்லை.

போனில் இதைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்.

"செல்வியக்கா எல்லாம் வேலை இல்லாத நாளும் கம்பெனி கேட்டுக்குப் போலாம்ங்கறாங்க. காலைல போய் கையெழுத்துப் போட்டுட்டு, வேலை இல்லைன்னு சொன்னதுக்கப்புறம் வரோணுமாம். நான் என்னுங்பா பண்றது?"

செல்வி அவளோடு செக்கிங் டேபிளில் நிற்கிறவள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

சரண்யா என்னிடம் வழி கேட்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதே மூன்று நாள், இதே மீதி நாள்! இதில் நான் அடிபட்டுத் தேறினவன் இல்லையா?

"போகாத கண்ணு" என்றேன். "அதெல்லாம் அந்தக் காலத்துல நாங்க பண்ணுன கிறுக்குத்தனம். கூப்புட்ட நாளைக்குப் போ, கூப்புடாத நாளைக்கு அந்த வாசல் பக்கமே போகாத. வேலை இல்லைன்னு சொன்னது அவிய. உன்ற எடம் உனக்கு இருக்கும். அதுதான் உரிமை."

பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மெர்சி தண்ணீரை நிறுத்தினாள். "ஏங்க, அங்கத்த சட்டம் வேறயா இருக்கும். யாரையாவது கேட்டுட்டுச் சொல்லுங்க."

நான் கையை ஆட்டி அவளை அடக்கினேன்.

"போகவே வேண்டாமுங்களா?" என்று சரண்யா இன்னொரு தரம் கேட்டாள். பிறகு, "சரிங்பா. நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

5

சம்பள நாளன்று போன் வந்தது. இங்கே சாப்பாட்டு இடைவேளை. சரண்யா குரல் கம்மியிருந்தது, ஆனால் அழவில்லை.

"அப்பா, வேலை இல்லாத நாளுக்குக் கேட்டுக்குப் போனவங்களுக்கெல்லாம் பாதிச் சம்பளம் போட்டிருக்காங்க. எனக்கு ஆப்சென்ட். அதுகூடப் போனாப் போகுதுங்பா. வாரத்துல பாதி நாள் ஆளே வரலை, தானே நின்னுட்ட மாதிரிதான்னு ஆபீஸ்ல சொல்றாங்க. வேணும்னா காண்ட்ராக்ட்ல புதுசாச் சேந்துக்கோங்கறாங்க."

புதிதாகச் சேர்வது என்றால் என்ன என்று கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் அங்கே பதிவில் இருந்த நாலு வருடமும் இல்லை என்று ஆகிவிடும்.

நான் பதில் சொல்வதற்குள் போனை யாரோ வாங்கும் சத்தம்.

"அண்ணாச்சி, நான் செல்வி பேசுதேன். நாங்க எதுக்கு வெயில்ல போயி வாசல்ல நிக்கோம்னு நெனச்சிய? மொதலாளி மொகத்தப் பாக்கதுக்கா?"

"இல்லீங்க..."

"நான் வேலைக்கு ரெடியாத்தான் வந்தேன், குடுக்காதது நீதான்னு காட்டதுக்கு! ஒரு வருசத்துக்கு மேல பதிவுல இருக்கவளுக்கு, கம்பெனியே வேலை இல்லன்னா பாதிச் சம்பளம் உண்டு. ஆனா அன்னன்னைக்கு வேலை நேரத்துக்குப் போயி ஒரு தரம் மொகம் காட்டணும். காட்டலன்னா அது கெடையாது. சங்கத்துல வந்து சொன்னாவ. இந்தப் புள்ளைக்கிட்ட நான் தலையால அடிச்சிச் சொன்னேன். எங்கப்பா போவ வேண்டாம்னுட்டாவன்னு வீட்டுலயே இருந்துட்டா."

"எனக்கு இங்கத்த ஞாபகம்ங்க..."

"அங்கன எப்பிடியும் இருந்துட்டுப் போட்டு. இங்கன உள்ளதத் தெரிஞ்சிட்டுல்லா சொல்லணும்?"

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது மெர்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜோயல்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"வெயிட். இங்க நீங்க போனதுக்கு ட்ரபிள். அங்க அக்கா போகாததுக்கு ட்ரபிளா?"

"ஆமா சாமி."

"தட்ஸ் நாட் ஃபேர்பா. அக்கா வேலை போயிடுமா?"

அவன் அக்காவைப் பற்றி அவனாக ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. தெரியவில்லை என்றேன். அன்றைக்கு அவன் ஹெட்போனை மறுபடி மாட்டவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா பிஸியா இருப்பாளா இப்ப?" என்று இரண்டு தரம் கேட்டான்.

கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கணக்கில் கூலிக்கு இருக்கிறவர்களுக்கும் காண்ட்ராக்டில் இருக்கிறவர்களுக்கும் சின்னக் கம்பெனிக்காரர்களுக்கும் முறை வேறாக இருக்கலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்று சங்கத்திலோ லேபர் ஆபீஸிலோ கேளுங்கள். வேலை இல்லை, நேரம் குறைவு என்று யாராவது சொன்னால், எத்தனை நாளைக்கு, மீதி நாளைக்கு என்ன, என் பழைய சர்வீஸ் என்ன ஆகும் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். நிரந்தரமாகக் குறைக்கிறோம் என்றால் உடனே தலையை ஆட்டாதீர்கள். கடல் தாண்டி இருக்கிற அப்பன் சொன்னான் என்று எதையும் செய்யாதீர்கள். அவனுக்கு அவன் நிற்கிற இடம்தான் தெரியும்.

6

நான் அந்தக் கம்பெனி மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். நம்பர் கொடு, நான்தான் போக வேண்டாம் என்று சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீங்க பேச வேண்டாமுங்பா" என்றாள் சரண்யா. "நானே பேசிக்கறேன்."

போனாள். செல்வியும் கூடப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று புதன்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிட்டு, ஆபீஸ்காரர் மாதிரியும் தன் மாதிரியும் பேசிக் காட்டினாள்.

ஆபீஸில் இருந்தவர் கேட்டாராம்: "இத்தன நாளா ஆளக் காணமே? இப்ப வந்து நின்னா?"

"கூப்புட்ட நாள் அத்தனையும் வந்திருக்கேனுங்க சார். வேலை இல்லைன்னு நீங்க சொன்ன நாள்தானுங்க வரலை. நின்னுக்கறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்களே?"

"மத்தவங்க எல்லாம் வந்தாங்கல்ல?"

"அதுக்குத்தானுங்க அவங்களுக்குப் பாதிச் சம்பளம் போட்டிருக்கீங்க. அதை நான் கேக்கலீங்க சார். என்ற சர்வீஸத் தொடாதீங்கன்னுதானுங்க கேக்கறேன்."

"அதெல்லாம் நாங்க முடிவு பண்ணிக்கறோம். போம்மா."

"சரிங்க சார். அப்படீன்னா லேபர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் மிரட்டலுக்கும் ஒரு 'ங்க' உண்டு. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. பிற்பகல் வரை அவளை வெளியே நிற்க வைத்திருந்தார்களாம். செல்வி தன் டப்பாவைத் திறந்து நின்றபடியே அவளுக்கு ஊட்டிவிட்டாளாம். கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: நாலு வருடமும் அப்படியே இருக்கும், பழைய இடத்தில் பழையபடி வரலாம். வராத நாட்களுக்கு ஒன்றும் கிடையாது.

"அது போனது போனதுதானுங்பா. எடம் இருக்குது" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. கூடவே ஒன்று உறுத்தியது.

"ஏன் கண்ணு, செல்வி அத்தன தூரம் சொல்லியிருக்கறாங்க. அங்கயே இருக்கற உனக்குத் தெரியாததா? நான் சொன்னது தப்பா இருக்கும்னு தோணலயா?"

"தோணுச்சுங்பா."

"தோணியுமா போகல?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போகும் சத்தம். அவள் ஏறவில்லை போலிருக்கிறது.

"நீங்க அங்க போனதுல இருந்து போன் பண்ணுனா, சாப்பிட்டயா, தூங்குனயான்னு கேப்பீங்க. இதைப் பண்ணு, இதைப் பண்ணாதேன்னு ஒண்ணுகூடச் சொன்னதில்லீங்பா. காலேஜ்ல என்ன படிக்கறதுன்னு கேட்டேன், உன் இஷ்டம்னீங்க. வேலைக்குப் போகட்டுங்களான்னு கேட்டேன், உன் இஷ்டம்னீங்க. இங்க டேபிள்ல நிக்கற புள்ளைங்க எல்லாம், எங்கப்பா திட்டும், எங்கப்பா உடாதுன்னு பேசிக்கும். நான் சும்மா கேட்டுக்கிட்டு நிப்பேன். அன்னைக்குத்தான் மொத மொதலா நீங்க போகாதேன்னீங்க. அதானுங்பா போகல."

விட்டுவிட்டு வந்தவனுக்கு அதட்டிச் சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது என்றுதான் நான் எப்போதும் உன் இஷ்டம் என்றேன். அதை அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லாமல் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சாமி."

"நாளைக்கு வியாழக்கிழமை, வேலை இல்லாத நாளு. கேட்டுக்குப் போகட்டுங்களா?"

அவள் போகாமல் இருக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போகாம பின்ன?" என்றேன். "எட்டரைக்கு முன்னாடியே போய் நிக்கோணும். கையெழுத்துப் போடாம நகரக் கூடாது. வெறும் வயத்தோட போகாத. வெயிலுக்குத் தலையில துணியப் போட்டுக்கோ. லேட்டாப் போனேன்னு செல்வி சொன்னாங்கன்னு வெய்யி, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும், ஆமா."

"சரிங்பா, சரிங்பா" என்றாள். பக்கத்தில் நின்ற செல்வியிடம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

"எங்கப்பா திட்டறாருக்கா."